சிரிப்பு டீச்சரின் கப்புகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

பக்கத்து வகுப்புக்கு வந்திருக்கும் புது டீச்சருக்கு நான் வைத்த பெயர் சிரிப்பு டீச்சர். பிள்ளை சரியாகப் படித்தாலும் சிரிக்கிறாள், தப்பாகப் படித்தாலும் சிரிக்கிறாள். இன்று தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எதற்காம்? இரண்டு காகிதக் கப். வெளிக் கப்பில் 'டம்' என்று எழுதி, உள்ளே செருகிய கப்பின் விளிம்பில் ப, கு, இ, வ என்று சுற்றிலும் எழுதியிருக்கிறாள். திருப்பினால் படம், குடம், இடம், வடம். இவ்வளவுதான் வித்தை.

இத்தனை வருஷம் பலகை நிறைய எழுத்து எழுதித் தேய்ந்தேனே, அது யார் கண்ணிலும் படவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

என் பெண் சிரிப்பு டீச்சர் வகுப்பில்தான் இருக்கிறாள் — சொந்தப் பிள்ளையைத் தாயின் வகுப்பில் போடக் கூடாது என்பது பள்ளியில் வழக்கம். போன வருஷம் முழுக்க வீட்டில் அவளோடு மல்லுக்கட்டினேன். தனித்தனி எழுத்தெல்லாம் கடகடவென்று சொல்வாள். சேர்த்துப் படி என்றால் வாய்க்குப் பூட்டு. இன்று பஸ்ஸில் வரும்போது கடைப் பலகையைப் பார்த்து, "பழம்" என்றாள்.

"யாருடி சொல்லிக் கொடுத்தது?"

"எங்க டீச்சர்."

எங்க டீச்சராம். அப்ப நான் யாரு?

செப்டம்பர் 16, செவ்வாய்

சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? வயிறு எரிகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

வீட்டில் நானும் கப் செய்தேன். சிரிப்பு டீச்சரிடம் கேட்காமல்தான். பெண் ஒரு சொல்லில் தடுமாறியதும் என் குரல் ஏறிவிட்டது. கப்பை மேசையில் வைத்துவிட்டு, "நீ திருப்பினா பயமா இருக்கும்மா" என்றாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"அந்தப் பிள்ளைங்க படிக்கல மேடம், ராகம் போட்டு ஒப்பிக்குதுங்க. கப்புல இல்லாத சொல்லைக் கொடுத்துப் பாருங்க."

"சரி, நாளைக்கே பாத்துடுவோம். சொல்லை நீங்களே எழுதிட்டு வாங்க" என்றார் தலைமை ஆசிரியை.

அக்டோபர் 8, புதன்

கடல், உடல், மடல், திடல் — நாலையும் அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டு அந்த வகுப்புக்குப் போனேன். தலைமை ஆசிரியை கண்ணை ஓட்டிவிட்டுக் கூப்பிட்டது என் பெண்ணை. இதை நான் யோசிக்கவே இல்லை. எப்படி யோசிக்காமல் போனேன்?

கடல் என்றாள். உடல், மடல் — தடங்கலே இல்லை. திடலில் நின்றுவிட்டாள். நான் காத்திருந்த இடம் அதுதான். சிரிப்பு டீச்சர் சிரிக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே "தி..." என்றது.

"திடல்."

"நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்களே" என்றார் தலைமை ஆசிரியை. "இப்ப நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"நல்லாத்தான் படிக்கிறாங்க மேடம்" என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

என் வகுப்புக்கும் கப் வேண்டும் என்று சிரிப்பு டீச்சரிடம் வாய்விட்டுக் கேட்டேன். "இதுல ஆரம்பிங்க அக்கா, பிள்ளைங்களுக்குச் சுலபமா வரும்" என்று மணி, பணி, துணி கப்பை எடுத்துக் கொடுத்தாள். அக்காவாம். எரிச்சலாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பெண் கேட்டாள், "எங்க டீச்சர் உன் ஃப்ரெண்டாம்மா?"

"இன்னும் இல்ல" என்றேன்.