காதில்லாத மூட்டைகள்

1988 பிப்ரவரி 3, புதன்

இன்று நாங்கள் வேலை செய்யும் மாவு ஷெட்டுக்கு பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். பேப்பர் சாக்கு விற்கிறவர். மூன்று விதம் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். இனிமேல் ராகி மாவைக் கோணியில் கட்டி அனுப்பக்கூடாதாம். மாவில் சணல் நார் கிடக்கிறது என்று பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் எழுதிவிட்டார்கள்.

முதலாளி சௌந்தரராஜன் ஒவ்வொரு விதத்திலும் மாவு நிரப்பச் சொன்னார். பிறகு லோடு ஏற்றுகிற என் அத்தாவை லாரிமேல் ஏற்றி, அங்கிருந்து கீழே போடச் சொன்னார். இரண்டு தாள் வைத்த சாக்கு விழுந்ததும் பிளந்துவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் வைத்தது கிழியவில்லை. ஆனால் அரைத்த சூட்டோடு கட்டியதால் உள்ளே வேர்த்து மாவு கட்டி பிடித்துவிட்டது. மூன்று தாள் சாக்குதான் நின்றது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

"பொண்ணு பாக்கறதுக்குக் கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க," என்றாள் வெங்கடம்மாள் அக்கா. "கடைசில மூணு பொடவ கட்டுன பொண்ணுதான் புடிச்சிருக்காம்."

அத்தா சாக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோணியில் மேல் மூலை இரண்டையும் முடிந்து காது விடுவார்கள். அதைப் பிடித்துத்தான் தூக்குவது. "இதுக்குக் காது இல்லியே சாமி, எங்க புடிக்கிறது?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்

கோணிப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. பாதி மாவு விழுந்ததும் சாக்கைத் தூக்கித் தரையில் இரண்டு குத்து குத்துவோம், மாவு படிய. இன்று காலை நான் அப்படிக் குத்தியதில் அடி மூலை விட்டுப்போனது. பசை போட்டு ஒட்டின அடிதானே. இப்போது குத்தாமல் பக்கவாட்டில் ஆட்டிவிடுகிறேன். நான் வாயைப் பிடித்து மடித்துக் கொடுக்க, வெங்கடம்மாள் அக்கா கை மிஷினால் தைக்கிறாள்.

லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டையில் குத்தித் தூக்கும் கொக்கியைப் போடவே கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆஞ்சப்பன் அண்ணன் தன் கொக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். அத்தாவுடையது இடுப்பில் இருந்தது. "கயிறு இழுத்துக் கட்ட வேணுமே. அதுக்குத்தான்," என்றார். அது இல்லாமல் அத்தாவை நான் பார்த்ததில்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இங்கே யாரும் என்னை எழுந்து நின்று படிக்கச் சொல்வதில்லை. அது ஒரு நிம்மதி.

பிப்ரவரி 12, வெள்ளி

முதல் லோடு போயிற்று.

முதலாளி மனைவி சரோஜம்மாள் அம்மா பூசைத் தட்டோடு வந்திருந்தார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். லாரியில் முதல் அடுக்கு வைத்ததும் நிறுத்தச் சொல்லி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கோணி நாளிலும் ஒவ்வொரு புது வியாபாரத்துக்கும் இப்படித்தான். ஆனால் இன்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மொத லோடு, குளிரக் குளிர ஊத்தணும்," என்று சொம்போடு சாய்த்தார். அது தீர்ந்ததும் என்னைப் பார்த்தார். தொட்டியிலிருந்து இன்னொரு சொம்பு மொண்டு கொடுத்தேன். அதில் மஞ்சள் கலக்கி அதையும் ஊற்றினார். பழுப்புத் தாளில் மஞ்சள் ஓடினது பார்க்க அழகாக இருந்தது.

பிறகு அத்தாவும் ஆஞ்சப்பன் அண்ணனும் அதன்மேல் அடுக்கினார்கள். அத்தா ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு கையிலும் ஏந்தி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார்.

பிப்ரவரி 13, சனி

லாரி திரும்பி வந்துவிட்டது.

அத்திப்பள்ளி தாண்டியதும் அடி அடுக்கு பிளந்து, மேலே இருந்ததெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, ரோட்டில் மாவு கொட்டிக்கொண்டே போயிருக்கிறது. கம்பெனியில் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு லோடு பார்ப்பார்களாம்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "யாருய்யா கொக்கி போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

ஆஞ்சப்பன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் கொக்கியே கொண்டார்லீங்க. பாய் இடுப்புலதான் இருந்துச்சு," என்றார்.

"இருந்துச்சு. போடல," என்றார் அத்தா.

"போடாத கொக்கி இடுப்புல எதுக்கு பாய்?"

"கயித்துக்குங்க. மூட்டைல ஒன்னுத்துல கூட போடல."

"மூட்டை தானா கிழிஞ்சுக்கிச்சா?"

மழையும் இல்லை, விபத்தும் இல்லை. யாருக்குத்தான் தெரியும்? அத்தாவைத் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லாரி டிரைவர், மிஷின்காரர், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தா பொய் சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்னா? நானும் அங்கதான நின்னேன். வாய் வரலியே.

பிப்ரவரி 15, திங்கள்

நான் மட்டும் வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது அத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா சோற்றை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "கை பழக்கத்துல ஒன்னு ரெண்டு மூட்டைல பட்டிருக்குமோ? நல்லா நெனச்சுப் பாருங்களேன்."

அத்தா தட்டைத் தள்ளவில்லை, கோபப்படவில்லை. "நீயுமா முனவர்?" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 17, புதன்

திரும்பி வந்த மூட்டைகளைப் பிரித்து, மாவைக் கோழித் தீவனத்துக்குப் போடச் சொன்னார்கள். நானும் வெங்கடம்மாள் அக்காவும்தான்.

கொக்கி பட்ட சாக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குத்தின ஓட்டை இருக்கும், அதிலிருந்து கிழிசல் ஓடும். இதில் ஓட்டையே இல்லை. அடி அடுக்குச் சாக்குகள் மட்டும் ஒட்டின இடத்தில் வாய் திறந்து கிடந்தன. மூன்று தாளும் தனித்தனியாகக் கழன்று வந்தன. பிளந்த ஓரமெல்லாம் மஞ்சள். மேல் அடுக்குகளில் அது இல்லை. அவை விழுந்து நசுங்கி உடைந்தவை.

நான் அக்காவுக்கு ஒரு சாக்கைக் காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. அவசரமாக அதை மடித்துக் குவியலுக்கு அடியில் செருகினாள்.

"அய்யோ புள்ள, வாயத் தொறக்காத. அம்மா சாமிக்கு ஊத்துன தண்ணி. நான் சொன்னாலே வம்பு. நீ சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

வேற மாதிரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த இரண்டாவது சொம்பை மொண்டு கொடுத்தது இந்தக் கைதான்.

பிப்ரவரி 18, வியாழன்

அத்தாவிடம் சொன்னேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது. முழுவதும் கேட்டார். அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு திரும்பவும் மூடிக்கொண்டது.

"இத யாருகிட்டயும் சொல்லாத சுக்ரா."

"ஏன் அத்தா?"

"அவங்க நல்லதுக்குன்னு ஊத்துனாங்க. அவங்க பூசையாலதான் கெட்டுதுன்னு நம்ம வீட்லருந்து ஒரு சொல்லு போனா, அது எங்க போயி நிக்கும்னு யாரு கண்டா? எம் பேரு கெட்டது என்னோட போவட்டும்."

அம்மாவிடம் மட்டுமாவது சொல்லலாமே என்றேன். "அவ நம்பறதுக்கு சாட்சி வேணுமா?" என்றார்.

பிப்ரவரி 20, சனி

டீக்கடையில் யாரோ "என்னா கொக்கி பாய்!" என்று கூப்பிட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொல்லிச் சிரித்தான். அத்தா தினமும் காலையில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு வேலை தேடிப் போகிறார், மத்தியானம் திரும்பி வருகிறார். மூட்டையைக் கிழித்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கே போய்விடுகிறது.

பிப்ரவரி 26, வெள்ளி

நடந்தது மறக்குமுன் எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது லோடு. அத்தா இடத்தில் மத்தூர்ப் பக்கமிருந்து ஒரு புது ஆள். முதலாளி காலையிலிருந்து லாரியை விட்டு நகரவில்லை. தானே ஏறி ஒவ்வொரு மூட்டையாகத் தடவிப் பார்த்தார். யார் இடுப்பிலும் கொக்கி இல்லை. முதல் அடுக்கு வைத்து முடித்ததும் சரோஜம்மாள் அம்மா வந்தார். "போன தடவ திருஷ்டி பட்டுடுச்சு. இன்னிக்கு நல்லா ஊத்தணும்," என்று பெரிய குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்திருந்தார்.

வெங்கடம்மாள் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இந்த லோடும் போனால் கம்பெனி போய்விடும், ஷெட்டை மூடிவிடுவார்கள். அதற்குமுன் யாராவது ஒருவரைக் கேட்பார்கள். இந்த முறை ஆஞ்சப்பன் அண்ணனையா, அந்தப் புது ஆளையா? இல்லாத கொக்கியை யார் இடுப்பில் தேடுவார்கள்?

சரோஜம்மாள் அம்மா குடத்தைச் சாய்க்கப் போனபோது நான் போய் மூட்டைமேல் கையை வைத்துவிட்டேன். முதல் தண்ணீர் என் கையில் விழுந்தது.

"ஏய், என்னா பண்றே?" என்றார் முதலாளி.

"வேணாம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வேணாம்மா. இது கோணி இல்ல. நனஞ்சா ஒட்டு வுட்டுரும்."

அவ்வளவுதான் சொன்னேன். போன தடவை என்று சொல்லவில்லை. அத்தா பேரை எடுக்கவில்லை.

அம்மா என் கையைப் பார்த்தார். அது வைத்திருந்த தாளைப் பார்த்தார். ஓரத்தில் நனைந்திருந்த இடத்தை விரலால் தேய்த்தார். தாள் சுருண்டு வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டார். முதலாளி அவரைப் பார்த்தார், அவர் முதலாளியைப் பார்க்கவில்லை. அந்த ஒரு மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை மட்டும் சக்கரத்தின் அடியில் வைத்தார்.

பிப்ரவரி 27, சனி

லோடு ஒரு மூட்டை குறையாமல் போய்ச் சேர்ந்ததாக போன் வந்தது. நான் பேசின செய்தி அத்தாவுக்கு நேற்றே எட்டிவிட்டது. "நான் வேணாம்னேனே," என்றார். திட்டவில்லை.

பிப்ரவரி 29, திங்கள்

மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சரோஜம்மாள் அம்மா உள்ளே வந்தார். முகம் சரியாக இல்லை. ஆஞ்சப்பன் அண்ணனும் மிஷின்காரரும் எழுந்து நின்றார்கள்.

"சுக்ரா, அன்னிக்கு எத்தன சொம்பு ஊத்துனேன்?"

"ரெண்டும்மா."

"பிரிச்சப்போ நீங்க பாத்தீங்கல்ல? ஓட்ட இருந்துச்சா?"

வெங்கடம்மாள் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் தலையாட்டினேன், இல்லை என்று. அது போதாது என்று தோன்றியது. "ஒன்னுத்துல கூட இல்லம்மா."

அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "பாய் கொக்கி போடல. நான் ஊத்துன தண்ணி. எல்லாரும் கேட்டுக்குங்க." ஆஞ்சப்பன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா வாசல்வரை போய்த் திரும்பி, "ரெண்டு வாரமா ஏன்டி சொல்லல?" என்று கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. காரணம் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

மார்ச் 1, செவ்வாய்

ஆஞ்சப்பன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "மொதலாளி நாளைலருந்து வரச் சொன்னாரு பாய். நானும் அன்னிக்கு... அவசரப்பட்டுட்டேன்."

"நீ பாத்தத சொன்ன. அதுல தப்பில்ல. டீ குடி," என்றார் அத்தா. ஆனால் வருவதாகச் சொல்லவில்லை. "போகச் சொன்னது அவரு வாய். கூப்புடறதும் அவரு வாயால வரட்டும்."

அண்ணன் போன பிறகு அம்மா அழுதாள். அரிசிப் பானையைக் காட்டி அழவில்லை. அன்று கேட்ட கேள்விக்காக. அத்தா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 2, புதன்

அத்தா போகவில்லை.

மார்ச் 3, வியாழன்

இன்றும் போகவில்லை. பிடிவாதமா? இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 4, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்த நேரம் முதலாளி ஸ்கூட்டரில் தெருவுக்கே வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டோம். உட்காரவில்லை. தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாய், நான் உன்ன ஒழுங்கா கேட்டிருக்கணும்," என்றார்.

"கேட்டீங்க சாமி," என்றார் அத்தா. "நானும் சொன்னேன்."

முதலாளி ஸ்கூட்டர் சாவியைக் கையில் திருப்பினார். "ஆமா. சொன்னே," என்றார். பிறகு, "திங்கக்கெழம லோடு இருக்கு," என்றார்.

"வரேங்க."

மார்ச் 7, திங்கள்

மூன்றாவது லோடு. அத்தாவும் ஆஞ்சப்பன் அண்ணனும் ஏற்றினார்கள். கயிறு கட்டி முடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. முதலாளி வழக்கம்போல் ஏறிப் பார்க்க லாரியின் பக்கக் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தார். மேலே அத்தா நின்றுகொண்டிருந்தார். முதலாளி காலை எடுத்துவிட்டார். கீழே நின்றபடியே கேட்டார்:

"பாய், எல்லாம் சரியா?"

"சரிங்க."

"அப்ப வுடுய்யா வண்டிய," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.