வாழைக்குருத்துப் பச்சை, நாலு லிட்டர்

27, செவ்வாய்

காலையில் செம பனி. பஸ் திருப்பரங்குன்றம் தாண்டும்போதுகூட மலை தெரியவில்லை. திருமங்கலம் பெயிண்ட் கடைக்குப் பத்து நிமிஷம் லேட். முதலாளி முகத்தாலேயே திட்டினார்.

கலர் கலக்கும் மெஷின் டப்பாக்கள் பார்த்தது:
கறுப்பு (கரி) – பாதி.
சிவப்பு ஆக்சைடு (இரும்புத் துரு, வேறொன்றுமில்லை) – நிறைய.
மஞ்சள் ஆக்சைடு (அதுவும் இரும்புதான்) – காலி!! லோடு வெள்ளிக்கிழமை.
எலுமிச்சை மஞ்சள் (ஆர்கானிக்) – முக்கால்.
பச்சை, நீலம் – ஓகே. இந்த ரெண்டும் ஆர்கானிக்தான், ஆனாலும் வெயிலுக்கு அசராத ஜாதி.

ஒருவர் கேட்டார், "ஆர்கானிக்னா சாணி, பஞ்சகவ்யம் மாதிரியாம்மா?" இல்லண்ணே, பெட்ரோலில் இருந்து ஆலையில் செய்வது என்றேன். ஏமாந்துபோய்விட்டார் மனுஷன்.

மதியம் செல்வராணி அக்கா. ஆஸ்பத்திரி நர்ஸ். அவர் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் மாடி வீடு இவருடையது. முன்சுவர் வாழைக்குருத்துப் பச்சை, போன மாசம் நான் கலந்து கொடுத்ததுதான். சுவரில் கால்வாசிக்குப் பெயிண்ட் பத்தவில்லை, இன்னும் நாலு லிட்டர் வேண்டும். அந்தப் பச்சையில் மஞ்சள் ஆக்சைடுதான் பிரதானம். அதுதான் காலி.

"வெள்ளிக்கிழமை தரட்டாக்கா?"

"ஞாயித்துக்கிழம பால் காய்ச்சணும் தங்கச்சி. வெளாடுறியா?"

என் மண்டைக்குள் ஒரு யோசனை. எலுமிச்சை மஞ்சளைப் போட்டு, பளபளப்பை அடக்கச் சிவப்பு ஆக்சைடு துளி, கறுப்பு துளி. அட்டையில் தடவி, காயவைத்து, டியூப் லைட்டில், போன மாசப் பச்சையைத் தடவி வைத்த பழைய அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். அச்சு அசல். நாலு லிட்டரும் கலந்து அக்காவிடம் கொடுத்தேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை.

28, புதன்

கூட்டமில்லை. ரசம் சாதம், அப்பளம் நமுத்துப் போச்சு. அம்மாவுக்கு முட்டித் தைலம் வாங்க மறந்தேன். திரும்பவும்.

29, வியாழன்

செல்வராணி அக்கா ஃபோனும் கையுமாக வந்தார். படத்தில் முன்சுவர், சாயங்கால வெயில். முக்கால் சுவர் ஒரு பச்சை. மீதி கால்வாசி பளீரென்று வேறு பச்சை, ஒட்டுப்போட்ட சேலை போல.

"எங்கூர் பெயிண்டர்தான், முனியசாமி அண்ணன். அம்புட்டுத் தண்ணிய ஊத்திருக்காரு! கேட்டா, காலையில பாக்கையில ஒண்ணாத்தான் இருந்துச்சு தாயின்னு கத விடுறாரு. தெருவுல வச்சு நல்லாக் கேட்டுட்டேன். வேலைக்கே வர வேணாம்னுட்டேன்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தண்ணீர் இல்லை, நான்தான். வாய் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "பெயிண்டர்க தண்ணி ஊத்துறது என்னைக்கும் உள்ளதுதானம்மா."

டப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இங்கே எழுதினால்தான் என்ன: பயம். வேலை போய்விடுமோ என்ற பயம்.

நாலு மணிக்கு ரெண்டு அட்டையையும் வெளியே வெயிலில் பிடித்தேன். ஒன்று அடக்கமாக இருந்தது, இன்னொன்று துள்ளியது. இரும்பு மஞ்சளும் ஆர்கானிக் மஞ்சளும் வெளிச்சத்தை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. டியூப் லைட்டில் ஜோடி சேரும், நேர் வெயிலில் பிரியும். மேற்குப் பார்த்த சுவர் அது. காலையில் நிழல். முனியசாமி அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம்.

அட்டையை வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள் என்று பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறேன். நான் பார்க்கவில்லை. திமிர்.

30, வெள்ளி

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "விடும்மா, ரெண்டு கோடை போச்சுன்னா எல்லாம் ஒண்ணாயிரும்" என்றார்.

ஆகாது. இரும்பு அப்படியே நிற்கும். எலுமிச்சை மஞ்சள் வெளிர் கலரில் வெயிலுக்குத் தாங்காது, வெளுக்கும். இன்றைக்குப் பளீரென்று இருக்கிற பட்டை அப்புறம் சோகை பிடித்த பட்டையாகும். பார்க்கிறவன் எல்லாம் முனியசாமி அடித்த லட்சணம் என்பான். இதையும் சொன்னேன்.

"அந்தாளுக்கு வேற வீடா இல்ல?"

அதுதான் சுருக்கென்றது. ஒரே ஊர், தெருவில் வைத்துத் திட்டு வாங்கியிருக்கிறார். எவர் கூப்பிடுவார்?

லோடு வந்தது. பழைய கலவைப்படியே நாலு லிட்டர். வெயிலில் காட்டினேன், ஒரே பச்சை.

"நாளைக்கு லீவு முதலாளி. இந்த வாளியோட அந்தக்கா வீட்டுக்குப் போறேன்."

"போனா கடை பேரு கெட்டுப்போகும்."

"என் பேரச் சொல்லிக்கிறேன்."

போகாதே என்றும் சொல்லவில்லை, திங்கட்கிழமை வா என்றும் சொல்லவில்லை.

31, சனி

ரெண்டு பஸ். வாளிக்கும் சேர்த்து டிக்கெட் எடு என்று கண்டக்டர் வம்பு. மூணு மணிக்கு வீட்டு வாசல். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் சுவரில் நேராக அடிக்க, அந்தப் பட்டை என் கண்ணைக் குத்தியது.

அக்காவிடம் நின்றபடியே சொன்னேன். மஞ்சள் காலியானது, நான் மாற்றிப் போட்டது, வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டது, எல்லாம். ரெண்டு அட்டையையும் வெயிலில் காட்டினேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு ஒனக்கு? ஒரு வயசாளிய அம்புட்டுப் பேரு முன்னாடி பேச வச்சுட்டியே!" பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். "தெருவுல வச்சுத்தான திட்டுனேன். நட. நானும் வாரேன்."

அடுத்த தெரு. முனியசாமி அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லாரும் கேட்கும்படி, "அண்ணே, தப்பு எங்க மேல. நீங்க சொன்னதுதான் நெசம்" என்றார். நான் அட்டைகளைக் கொடுத்தேன். நிழலில் வைத்துப் பார்த்தார். எழுந்துபோய் வெயிலில் பார்த்தார். திரும்ப நிழல், திரும்ப வெயில்.

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்றேன்.

அவர் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒடம்புல தெம்பு இருக்கு தாயி. கண்ணுதான் போயிருச்சுன்னு நெனச்சேன். நேத்துத்தான் மகன்ட்ட சொன்னேன், பிரஷ்ஷையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துருன்னு."

குடுத்தாச்சா என்று அக்கா பதறிக் கேட்டார். இல்லையாம். அண்ணன் உள்ளேபோய்ப் பிரஷ்களை எடுத்து வந்தார்.