வண்டி உதைச்சிடுச்சு

மார்ச் 4

பால்காரர் கேட்டார், "அம்மாவுக்குக் கையில என்னாச்சு?" என் மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வண்டி உதைச்சிடுச்சு." இந்த வாரத்தில் இப்படிச் சொல்வது ஒன்பதாவது முறை. மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் பாத்திரத்தை நீட்டினாள்.

வண்டி என்றால் மாமனார் காலத்து டிராக்டர். ஆறு வோல்ட் பேட்டரி. முக்கி முனகுமே தவிர இன்ஜினைச் சுற்றாது. அதனால் முன்னால் கம்பியை மாட்டி என் மனைவி கையால் சுற்றுவாள். நிலமும் அவளுடையது, உழுவதும் அவள்தான். சீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இருந்ததே இரண்டு வேலை: சாவியைத் திருப்புவது, ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ளுவது. தள்ளாவிட்டால் இன்ஜின் முந்திக்கொண்டு வெடித்து, கம்பி எதிர்ப்பக்கமாக உதைக்கும்.

இரண்டில் ஒன்றைச் சரியாகச் செய்தேன். ஐம்பது மார்க். என் வகுப்பில் அது பாஸ்.

மார்ச் 6

இனிமேல் கம்பியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப வண்டியை எடைக்குப் போட்டுடலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அப்பா ஓட்டிய வண்டி.

எனக்கு வீரம் வந்துவிட்டது. "பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாத்திடலாம். பட்டனைத் தொட்டாப் போதும், கிளம்பிடும்."

"யாரு மாத்தறது?"

"நான்தான். முப்பத்தொரு வருஷம் மின்சாரப் பாடம் நடத்தினவன்."

"பாடம்தானே" என்றாள்.

மார்ச் 11

மைத்துனன் வண்டி வயரிங் கடை வைத்திருக்கிறான். புது பேட்டரி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் புது காயில், பழைய டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர், எல்லாம் எடுத்து வைத்தான். "நானே வந்து மாட்டித் தர்றேன் மாமா." வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? அவன் மாட்டினால் அது அவன் செய்த உதவி. நான் மாட்டினால்— என்ன அது, மன்னிப்பா? வாயால் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. எனக்கோ பதினோரு வயர் தேவைப்படுகிறது.

மார்ச் 12

டைனமோவைக் கழற்றினேன். ஒரே ஒரு போல்ட், இரண்டு மணி நேரம், மூன்று விரலில் காயம்.

மார்ச் 15

புகை.

இந்தப் பழைய வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் சேரும். ஆல்டர்னேட்டர் போட்டால் மைனஸ்தான் சேர வேண்டும். தெரியாதா எனக்கு? நேற்று காகிதத்தில் படமே வரைந்தேன். ஆனாலும் கை பழக்க தோஷத்தில் பிளஸ்ஸைக் கொண்டுபோய்ப் பாடியில் முடுக்கியது. கண்மூடித் திறப்பதற்குள் ஆல்டர்னேட்டர் போய்ச் சேர்ந்தது.

மைத்துனனிடம், "சரக்கு மட்டம்பா" என்றேன். அவன் மூக்கருகே வைத்து முகர்ந்தான். "தலைகீழா குடுத்தீங்களா மாமா?" "சேச்சே!" பேசாமல் வேறொன்றை எடுத்துத் தந்தான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வண்டி உதைத்தது. சரக்கு மட்டம். உலகத்தில் நடக்கும் எதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 16

பல்பை மாற்ற மறந்துவிட்டேன். ஆறு வோல்ட் முகப்பு விளக்கு ஒரு கணம் பிரமாதமாக எரிந்தது. பிறகு எரியவே இல்லை.

மார்ச் 19

கிளம்பிவிட்டது! பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட்டர் பேய் பிடித்ததுபோல் சுழன்றது, இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்து காட்டினேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சாவியை அணைத்தேன்.

நிற்கவில்லை. மறுபடி திருப்பினேன். சாவியையே பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அது பாட்டுக்கு ஓடுகிறது.

"என்னாச்சு?" என்று கத்தினாள்.

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: சாவி கோளாறு. எப்படித்தான் மாறி வந்ததோ, "நான் தப்பா கனெக்‌ஷன் குடுத்துட்டேன்!" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? வண்டியைப் போலவே எனக்கும் நிற்கத் தெரியவில்லை. "அன்னிக்கும் நான்தான்! லீவரைத் தள்ள மறந்துட்டேன்! உன் கை என்னாலதான்!"

அவள் ஒற்றைக் கையால் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். உச்ச கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே கிளட்சை விட்டாள். ஒரு குலுக்கு. இன்ஜின் அடங்கியது.

பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். "தெரியும். கீழ விழுந்ததும் உங்களைத்தான் பார்த்தேன். என்னைத் தூக்க வர்றதுக்கு முன்னாடி லீவரைப் பின்னால தள்ளி வச்சீங்க."

அந்த ஒன்றை மட்டும் இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

மார்ச் 20

ஆல்டர்னேட்டரின் சின்ன வயர் வழியாக மின்சாரம் திரும்பி வந்து காயிலுக்குத் தீனி போட்டிருக்கிறது. அதனால்தான் வண்டி சாவியை மதிக்கவில்லை. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு ஒன்றை நடுவில் வைத்ததும் வழிக்கு வந்தது. அதை வாங்கப் போனபோது முதல் ஆல்டர்னேட்டர் கதையையும் மைத்துனனிடம் ஒப்புக்கொண்டேன். "கடையில எல்லாருக்கும் தெரியும் மாமா" என்றான்.

வீட்டில் சாப்பாடு வருகிறது. பேச்சு வரவில்லை.

மார்ச் 23

இன்றும் இல்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 24

"ஃபேனை நிறுத்துங்க" என்றாள். ஓடிப்போய் நிறுத்தினேன்.

ஏப்ரல் 17

கட்டுப் பிரித்து ஒரு வாரமாகிறது. இன்று உழக் கிளம்பினாள். பட்டனுக்குப் போகுமுன் லீவரைத் தானே பின்னுக்குத் தள்ளினாள். சரியாக இருக்கிறதா என்று நானும் எட்டிப் பார்த்தேன். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். "கை சரியாயிடுச்சாம்மா? அன்னிக்கு என்னதான் ஆச்சு?"

"நான் லீவரைத் தள்ள மறந்துட்டேன். அதான் கம்பி உதைச்சிடுச்சு" என்றேன். வெளி ஆளிடம் சொல்வது முதல் முறை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தபால்காரரிடம், "வண்டி மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.