வலது ஓரத்துச் சந்தனம்

வியாழன், இரவு

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை! ஏலக்காய்க் கடையின் பழைய கணக்கு மென்பொருள் புது கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் புது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸைப் போட்டிருந்தேன். மவுஸ் அம்பு அதற்குள் போனால் திரும்பி வரவே மாட்டேன் என்றது. வெளியே எடுக்க வலது கன்ட்ரோல் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தி அழுத்தி விரல்தான் வலித்தது. நாளை போடியில் ஏலக்காய் ஏலம். இன்றே மூட்டைகளைப் பதிந்தாக வேண்டியிருந்தது.

மதியம் எரிச்சலில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். மஞ்சளாய் ஏதோ தூள் உதிர்ந்தது. ஆயுத பூஜையன்று முதலாளியம்மா அப்பிய சந்தனம்! அந்தப் பொத்தானுக்கடியில் இறங்கிக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. சுரண்டிவிட்டு அழுத்தினேன். மவுஸ் துள்ளி வெளியே வந்தது. கத்தியே விட்டேன்.

முதலாளியம்மா குங்குமச் சிமிழோடு ஓடி வந்தார். "சரியாயிருச்சுல்ல? இரு, இங்கனயே ஒரு பொட்டு வச்சிருவோம்."

கையைப் பிடித்துக்கொண்டேன். "இதுக்கு வேணாம்மா. எனக்கு வச்சு விடுங்க."