துரைக்குக் கலந்த ஜின்

1933 அக்டோபர் 3, செவ்வாய்

பிள்ளை பிறந்து இருபத்தெட்டு நாள். இன்னும் ஞானஸ்நானம் இல்லை. சாமியார் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் பீட்டர் அசையவில்லை. மலைக்கு ஓய்வெடுக்கப் போன கம்பெனி துரை பதினைந்தாம் தேதிதான் இறங்குகிறாராம். அவர் ஞானஸ்நான விருந்துக்கு வந்து மனம் குளிர்ந்தால்தான் தலைமைக் கிளார்க் வேலை கிடைக்குமாம். அதுவரை என் பிள்ளையின் ஆத்துமம் காத்திருக்கட்டும்! வெட்கங்கெட்ட மனுஷன்.

அக்டோபர் 5

துரைக்குக் காக்டெயில் வேண்டுமாம். இந்த வீட்டில் யாருக்குக் கலக்கத் தெரியும்? என் அண்ணன் பாக்கியசாமி பன்னிரண்டு வருஷமாக ஓட்டல் பாரில் நிற்கிறார். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்க ஆசைப்பட்டு வந்தவரை, "சாராயம் ஊத்துறவனா?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார் பீட்டர். இன்று அவரே ரிக்‌ஷாவில் போய்க் கூட்டிவந்திருக்கிறார்.

அக்டோபர் 8, ஞாயிறு

அண்ணன் கற்றுக்கொடுத்தார். பழச்சாறு சேர்ந்தால் மூடிபோட்ட குவளையில் ஐஸோடு குலுக்க வேண்டும். வெறும் ஜின்னும் வெர்மூத் ஒயினும் என்றால் நீளக் கரண்டியால் கலக்க வேண்டும், குலுக்கினால் கலங்கிப்போகும். ஜின் பாஹிட்டுக்கு, அதாவது கசப்பு ஜின்னுக்கு, கசப்புச் சாறு நாலு சொட்டு விட்டு, கிளாஸைச் சுழற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட்டு ஜின் ஊற்ற வேண்டும்.

பீட்டருக்குக் கொட்ட மனம் வரவில்லை. திரும்பக் குப்பியில் விடப் பார்த்தார்.

"கொட்டுங்க மாப்பிள்ளை. வாசம் போதும்லா."

"எனக்குப் பாடம் நடத்தாதே. அன்னைக்கு நீயே கலந்து கொடு. ஆனா அடுப்படியைவிட்டு வெளியே தலை காட்டாதே."

அண்ணன் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஞானஸ்நானம் ஆயிற்று. அண்ணன் கோயிலுக்கு வரவில்லை — வீட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

விருந்தில் துரை மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, யார் கலந்தது, கிளப்பில்கூட இப்படிக் கிடைக்காதே என்றார்.

"நான்தான் சார்" என்றார் பீட்டர்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஐஸ் வாளியோடு வந்துவிட்டார். துரை நிமிர்ந்து பார்த்தார்.

"என் வேலைக்காரன், சார்."

நாற்பத்தொரு வயது. என் கூடப்பிறந்தவர். வாளியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் பிள்ளையோடு முன்னால் போனேன். கான்வென்ட் இங்கிலீஷ் வேறு எதற்கு? "தினமும் சாயந்திரம் இதே வேலைதான் சார். என் கணவருக்கு இதில்தான் உயிர்" என்றேன். பீட்டர் பூரித்துப்போனார். முட்டாள்.

அக்டோபர் 17

அண்ணன் ரயிலேறி ஈப்போ ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஓட்டல் வேலையாம். பிள்ளையைத் தூக்கக்கூட வரவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

தலைமைக் கிளார்க் வேலை அதே ஆபீஸ் சிதம்பரநாதனுக்குப் போயிற்று. பீட்டரைத் துரை தனியாகக் கூப்பிட்டு, இனிச் சனிக்கிழமைதோறும் பங்களாவுக்கு வந்து விருந்தாளிகளுக்குக் கலந்து கொடுக்க வேண்டும், வெள்ளைக் கோட்டு போட்டு வர வேண்டும் என்றாராம். ஊரெல்லாம் வேலையிலிருந்து ஆட்களைக் கழித்துவிடுகிற நேரம், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அழுதார். சோறு போட்டேன். எனக்கு நன்றாகப் பசித்தது, நானும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 28, சனி

மத்தியானத்திலிருந்து வெள்ளைக் கோட்டோடு நடந்துகொண்டே இருந்தார்.

"ஆலிஸ், எதைக் குலுக்கணும், எதைக் கலக்கணும்? நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? சொல்லும்மா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிக் கெஞ்சியதில்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. துரை கோபித்து வேலை போனால் எனக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பட்டினி. அதையும் யோசித்தேன்.

"எல்லாத்தையும் நல்லாக் குலுக்குங்க" என்றேன்.

பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.