மாலேயில் இறங்கிவிடு

படகிலிருந்து
18 ஜனவரி 2025

அன்புள்ள ஹென்றிக்கு,

தம்பியின் பாய்மரப் படகில் கொச்சியை விட்டு இரண்டு நாளாகிறது. படகிலுள்ள சாட்டிலைட் மெயிலில் தட்டுகிறேன். நீளமாக எழுதினால் காசு ஏறுமென்று தம்பி ஜாஸ்பர் முறைப்பான். தின்றது எதுவும் உள்ளே நிற்கவில்லை. படுத்தால் உருட்டுகிறது, எழுந்தால் தள்ளுகிறது. பாய் ஓயாமல் படபடவென்று அடித்துக்கொள்கிறது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தியவளுக்குக் கடலைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. மூன்றாம் நாள் சரியாகிவிடும் என்கிறான் ஜாஸ்பர். அவனுக்கென்ன, வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே சொல்கிறான்.

முடியாவிட்டால் திரும்பிவர நீங்கள் எடுத்துக் கொடுத்த மாலே–சென்னை விமான டிக்கெட்டை இன்று திறந்து பார்த்தேன். மாலேயை விட்டால் சேஷெல்ஸ் வரைக்கும் இரண்டு வாரம் தண்ணீர்தான். சிரிக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த குழம்பைத் தீர்த்துவிட்டீர்களா?

லூயிசா


சாந்தோம்
19 ஜனவரி

அன்பு லூயிசா,

சிரிக்கவில்லை. கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. உன் பயணம் நல்லபடி முடிய இன்றைய பூசைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மா இறந்ததிலிருந்து மாதாமாதம் அவர் பேருக்கு எழுதிப் பழகிய கை. உன் பேருக்கும் ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்றே எழுதித் தொலைத்திருக்கிறேன். சாமியார் பங்குக்குப் புதியவர், பீடத்தில் நின்று ‘மரித்த லூயிசா’ என்று வாசித்துவிட்டார்.

வெளியே வருவதற்குள் பாடகர் குழு ஜொவிட்டா கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா அண்ணே, ஒரு வார்த்தை சொல்லலியே, எப்ப ஆச்சு?” இல்லையம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். நானும் அழுதுவிட்டேன். அதைப் பார்த்து நாலு பேர் அழுதார்கள். விஷயம் தெளிவதற்குள், துக்க வீட்டில் அடுப்பெரியாதே என்று இரண்டு கேரியர் சாப்பாடு வந்துவிட்டது.

நீ சிரித்துக்கொள். எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. நீ இருப்பது அரபிக்கடல் என்று தெரிந்தும் இங்கே கடற்கரையில் போய் நிற்கிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன். மாலேயில் இறங்கிவிடு.

ஹென்றி


படகிலிருந்து
21 ஜனவரி

அன்புள்ள ஹென்றிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். ஜாஸ்பர் சிரித்த சிரிப்பில் டீ முழுக்கக் கொட்டிவிட்டது. நானும் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. செத்தேன் என்றால் கோயில் வாசலில் அழுகிறீர்கள். உயிரோடு கிளம்பினபோது சென்ட்ரல் வரைக்கும்கூட வரவில்லை.

நேற்று விடிந்ததும் சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு அவன் தூங்கப் போனான். காற்று பின்னாலிருந்து வந்தது. வாந்தி எப்போது நின்றதென்றே தெரியவில்லை. நான் திருப்பின பக்கம் படகு போனது. வரைபடத்தில் நீலத்தைக் காட்டி, ‘இங்கே ஒன்றுமில்லை, அடுத்த பக்கம்’ என்று வகுப்பில் தாண்டிப் போன இடம் இது. எவ்வளவு இருக்கிறது தெரியுமா?

எனக்கு இன்னும் போகவேண்டும், ஹென்றி. நாளை மதியம் மாலே. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போவேன், ஆனால் வழியெல்லாம் உறுத்தும். அதனால்தான் கேட்கிறேன். என்னை அனுப்பிவையுங்கள்.

உங்கள் லூயிசா


சாந்தோம்
22 ஜனவரி

லூயிசா,

படித்ததும் கோபம்தான் வந்தது. கடற்கரைக்குப் போயும் அடங்கவில்லை.

எனக்குப் பயம். நீ கோபமென்று நினைப்பதில் பாதி அதுதான். அன்றைக்குக் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நீ இல்லாத ஆளாக நின்று பார்த்தேன், என்னால் ஆகவில்லை. அதற்காக உன்னைப் பிடித்து உட்காரவைத்தால், வீட்டில் நீ முகம் வாடித் திரிவதையும் நான்தானே பார்க்கவேண்டும். அதுவும் என்னால் ஆகாது.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். இனி வாந்தி வந்தாலும் திரும்ப வழியில்லை, போ. ஜாஸ்பரிடம் சொல், என் பெண்டாட்டி ஜாக்கிரதை என்று.

நானும் சேஷெல்ஸ் வருகிறேன், விமானத்தில். நீங்கள் கரை சேரும்போது துறையில் நிற்பேன். படகில் கால் வைக்கச் சொல்லி மட்டும் கேட்காதே.

உன் ஹென்றி