நீ அனுப்பிய நீலச் சட்டை

செமோர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பிரமிளாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே மூவரும் உடம்புக்கு நலம், கூச்சிங்கில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, இந்த வீட்டில் அடுப்படியில் பேசினால் கூடத்தில் கேட்கிறது, இது உன் அப்பாவும் தம்பியும் கேட்கக்கூடாத விஷயம்.

தம்பி பவித்ரனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது பொய். குளிர்சாதனம் பழுது பார்க்கும் ஏர்கோன் படிப்பில் சான்றிதழ் வாங்கி இரண்டு வருஷமாகப் போகிறது, போகிற இடமெல்லாம் அனுபவம் இருக்கா என்கிறார்கள், வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும். இப்போது ஈப்போவில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். செமோர் பக்கம் ஆர்டர் வந்தால் எடுப்பதில்லை, தெரிந்தவர்கள் கதவைத் திறந்தால் அப்பா சொன்னது பொய்யாகிவிடுமாம். நாம் இருந்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் விற்று அங்கே வீடுகள் கட்டிவிட்டாலும், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்களே, வந்ததும் முதல் கேள்வி மகன் என்ன செய்கிறான் என்பதுதான். போன வருஷம் உன் அப்பா வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, பவித்ரன் பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார். அதை உனக்கும் சொன்னார், நீயும் வேலைக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று ஆசையாக நீலச் சட்டை அனுப்பினாய்.

போன ஞாயிறு இந்த வருஷத் திருவிழா. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கினான். தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசையில் இருந்த தர்மேந்திரன் எங்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார், இப்போது சுங்காயில் ஏர்கோன் குத்தகை எடுத்துச் செய்கிறார். நல்ல பையனா ஒருத்தன் தேடிக்கிட்டு இருக்கேன்கா, ஒங்க மகன் நெனப்புதான் மொதல்ல வந்துச்சு, ஆனா அவன் சூப்பர்வைசராச்சே, எங்கிட்ட எங்க வரப்போறான்லா என்று சிரித்தார். வாளியோடு பக்கத்தில்தான் நின்றான் உன் தம்பி. சொல்லுடா என்று கண்ணைக் காட்டினேன். அவன் அப்பாவைப் பார்த்தான், அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமா மாமா, அங்க கொஞ்சம் பிஸிலா என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். அத்தன பேரு முன்னால அப்பா பொய் சொன்னாருன்னு நான் எப்படிமா சொல்வேன் என்கிறான். அப்பாவும் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, பாவம்தான், ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. வீம்பு சோறு போடுமா. நாளைக் காலை பஸ் ஏறி சுங்காய்க்குப் போய் தர்மேந்திரனிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன். அந்த வேலை இன்னும் காலியாக இருக்கிறதா தெரியாது, விஷயம் தெரிந்தால் அப்பா என்னோடு பேசுவாரா என்பதும் தெரியாது. ஈப்போவில் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், பார்த்தாயா, எனக்கும் பொய் வந்துவிட்டது.

நீ வேளைக்குச் சாப்பிடு, அங்கே மழை அதிகம், குடையை மறக்காதே. அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வை. போன் பண்ணும்போதெல்லாம் வேலை எப்படிடா போகுது என்று தம்பியிடம் கேட்பாயே, இனிக் கேட்காதே. நல்லா போகுதுக்கா என்று உன்னிடம் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு நெடுநேரம் நிற்கிறான். சாப்பிட்டாயா என்று கேள், போதும்.

உங்கள் இருவரையும் பெற்றவள்,
அம்மா கலாதேவி